வடக்கே சூலம், கிழக்கே வீடு

விமானம் நேராகப் பறக்கும் என்று நான் நம்பியிருந்தேன். நேராக என்றால், பள்ளிக்கூடத்துப் பையன் அடிக்கோலை வைத்துப் பென்சிலால் இழுப்பானே, அப்படி நேராக. கனடாவில் கால்கரி நகரத்துக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலையில் எனக்கு வேலை. அங்கே சாப்பாட்டு அறைச் சுவரில் பெரிய உலகப்படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதற்கு எதிரே உட்கார்ந்துதான் ஏழு வருடமாகத் தயிர்சாதம் தின்கிறேன். அந்தப் படத்தில் கால்கரியில் அடிக்கோலை வைத்தால், மறுமுனை ஏறாமல் இறங்காமல் அப்படியே லண்டனில் போய் நிற்கும். நேர் கிழக்கு. லண்டனிலிருந்து கிழக்கே சற்றுச் சரிந்து இறங்கினால் சென்னை. ஆக, ஊருக்குப் போவதென்றால் கிழக்கே போக வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். அப்படி யோசிக்காமல் இருந்ததன் பலனாக, மேகத்துக்கு மேலே உட்கார்ந்துகொண்டு நான் என்னென்ன வாங்கிக் குடித்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். என் மனைவி சிரித்து முடித்து இரண்டு வருடமாகிறது.

இந்த நாட்டில் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. எட்மண்டன் எவ்வளவு தூரம் என்று கேட்டால் "மூன்று மணி நேரம்" என்பார்கள். பல் வைத்தியர் எவ்வளவு தூரம் என்றால் "இருபது நிமிடம்". வந்த புதிதில் இதைக் கேட்டு எனக்கு உள்ளூரக் குளிர்ந்துபோனது. நம்மூரிலும் அப்படித்தானே, அரியலூரிலிருந்து பெரம்பலூர் எவ்வளவு தூரம் என்றால் "ஒரு மணி நேரம் ஆவுங்க" என்றுதானே சொல்வோம். ஆனால் பழகப் பழகத்தான் வித்தியாசம் தெரிந்தது. இவர்களுடைய ஒரு மணி நேரம் அறுபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நம்முடைய ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டீ அடக்கம். கண்டக்டரின் மச்சினன் சட்டை மாட்டிக்கொண்டு ஓடி வரும்வரை வண்டி நிற்பதும் அடக்கம். ஒருநாள் ஆலையில் கூட வேலை பார்க்கும் ஒருவன் உலகப்படத்தைக் காட்டி, உன் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டான். "இரண்டு விமானம், ஒரு பஸ்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பஸ் எங்கே வருகிறது?" என்றான். கடலுக்கு நடுவில் என்று நினைத்துவிட்டான் போல. நானும் திருத்தவில்லை. அவனுக்கும் சாப்பாட்டு நேரத்தில் யோசிக்க ஏதாவது வேண்டுமல்லவா.

விஷயம் தொடங்கியது ஒரு மார்கழி மாதத்தில். பெரம்பலூரில் என் தங்கை மல்லிகா இருக்கிறாள். போன் கார்டு வாங்கி, அதன் முதுகைக் காசால் சுரண்டி, நம்பரைப் போட்டு நான்தான் அவளை அழைப்பது வழக்கம். அன்றைக்கு நலம் விசாரிக்கக்கூட அவள் விடவில்லை.

"அண்ணே, பாப்பாவுக்குக் காது குத்துறதுக்கு நாள் குறிச்சாச்சு. தை மாசம், வெள்ளிக்கெழம, செட்டிகுளத்துல. பெரியவனுக்குத்தான் நீ வரல. செல்வராசு அண்ணன் மடியில வச்சுக் குத்துனோம். இதுக்கும் வரலன்னா, இனிமே புள்ளைங்களுக்கு மாமன்னு அவரத்தான் காட்டுவேன். ஒன்னய, போன்ல பேசுற ஆளுன்னு சொல்லிக்குறேன்."

செல்வராசு என் பெரியப்பா மகன். என்னைவிட எட்டு மாதம் இளையவன். பெரம்பலூரில் உரக்கடை வைத்திருக்கிறான். நல்லவன், அதுதான் பிரச்சினையே. தங்கை வீட்டில் குழாய் உடைந்தாலும் அவன்தான் நிற்பான், பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் அவன்தான் வண்டியில் தூக்கிக்கொண்டு போவான். காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். கூடப் பிறந்தவன் கனடாவில் இருந்தால் பெரியப்பா மகன் மடியும் செல்லும் என்று பெரியவன் விஷயத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இரண்டாவது தடவையும் அவன் மடி என்றால், பிறகு அந்தப் பதவி எனக்குத் திரும்பாது. நான் ஒரு காகிதத்து மாமனாகிவிடுவேன்.

"வர்றேன். கட்டாயம் வர்றேன்" என்றேன்.

"வர்றதுதான் வர்ற, சூலம் பாத்துட்டுக் கெளம்பு. காலண்டரக் கையிலதான் வச்சிருக்கேன். சனி, திங்க ரெண்டு நாளும் கெழக்க சூலம். நீ கெழக்க பாத்துத்தான வரணும்? அந்த ரெண்டு நாளும் வேணாம்."

"ஏ மல்லிகா, ப்ளேனுக்கு ஏது சூலம்? பைலட்டு என்ன, காலண்டரு கிழிச்சுட்டா வண்டிய எடுக்குறான்?"

"பைலட்டு எப்புடியோ போவட்டும். நீ பாத்துட்டு வா."

நான் யார் தெரியுமா? ஊரில் இருந்தபோது அரியலூர் சிமெண்ட் ஆலை வாசலில் நின்று, ராகுகாலமாவது ஒன்றாவது என்று பேசிக் கைத்தட்டல் வாங்கியவன். என் கல்யாணத்தையே எமகண்டத்தில் வைக்கச் சொல்லி, மாமனார் முறைத்ததும் வாபஸ் வாங்கியவன். அப்படிப்பட்டவன் அன்றைக்கே டிக்கெட் விற்கிற பெண்ணிடம் போன் செய்து, சனியும் திங்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாள். குடும்பக் காரணம் என்றேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிளம்பினால் வியாழக்கிழமை விடிவதற்குள் சென்னை, வெள்ளிக்கிழமை காதுகுத்து. எல்லாம் கச்சிதமாக அமைந்தது.

ஜெயங்கொண்டத்துக்காரியான என் மனைவி வசந்தாவுக்கு மட்டும் சந்தேகம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அவள் வரவில்லை. பெட்டி கட்டிக் கொடுத்தாள். பாப்பாவுக்கு வாங்கிய தோட்டுப் பெட்டியை என் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ஏங்க, செவ்வாய் வடக்க சூலமாச்சே" என்றாள்.

"வடக்க எவன் போறான்? நாம போறது கெழக்க. ஒலகப்படத்தப் பாத்ததில்லையா நீ?"

இப்படிக் கேட்டதை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

கிளம்புகிற அன்று குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். மூக்குக்குள் இருக்கிற முடி குச்சியாக நிற்கும் குளிர். விமானத்தின் இறக்கையில் பனி உறைந்திருக்கிறது என்று ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, வெந்நீர் மாதிரி ஆவி பறக்கிற ஏதோ மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் குளிப்பாட்டினார்கள். மாட்டுப் பொங்கலன்று தா.பழூர்ப் பக்கம் காளைகளைக் குளிப்பாட்டுவது மாதிரியே இருந்தது. கொம்புக்குப் பெயிண்ட் அடிக்காததுதான் குறை. பக்கத்து இருக்கையில் அகலத் தொப்பி வைத்த ஒரு கிழவர். பெயர் டக். மாட்டுப் பண்ணை வைத்திருந்து விற்றுவிட்டவர். லண்டனில் பேத்தியைப் பார்க்கப் போகிறார். குளிப்பாட்டலைப் பார்த்து நான் சிரித்ததை அவர் பயம் என்று எடுத்துக்கொண்டார். "ஒன்றும் ஆகாது" என்று என் முழங்கையில் தட்டினார். அப்போது எனக்குப் பயமே இல்லை. அதற்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

கனடாவுக்கு வந்தபோது நான் விமானத்தில் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடியவன்தான். எந்த வழியாக வந்தேன் என்று எனக்கே தெரியாது. இந்த விமானத்தில் ஒவ்வொரு இருக்கைக்கும் எதிரே ஒரு குட்டி டி.வி. அதில் ஒரு படம்: பூமி, அதன்மேல் பொம்மை விமானம், அது போகிற வழிக்கு ஒரு கோடு. நம் வண்டி எங்கே போகிறது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். என்ன வசதி என்று சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். பொம்மை விமானத்தின் மூக்கு மேலே பார்த்து இருந்தது.

கொஞ்ச நேரத்தில் திரும்பும் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. லண்டன் வலது பக்கம் அதன்பாட்டுக்குக் கிடக்கிறது. இவன் மேலே போய்க்கொண்டே இருக்கிறான். ஊர் பெயர்கள் குறைந்தன. பிறகு ஊர்களே இல்லை. வெள்ளைவெளேரென்று பனிக்கட்டி மட்டும். அந்த வெள்ளையில் "கிரீன்லாந்து" என்று எழுதியிருந்தது. பச்சை என்று பெயர் வைத்து வெள்ளையாக இருக்கிற இடத்தை நோக்கிப் போகிறவனை எப்படி நம்புவது? அப்போதுதான் வசந்தாவின் குரல் காதில் விழுந்தது. செவ்வாய் வடக்கே சூலம். சரி, பெரம்பலூர்க் கணக்கில் பார்ப்போம், அங்கே இந்நேரம் விடிந்து புதன்கிழமை ஆகியிருக்குமே என்று ஒரு சந்து கண்டுபிடித்தேன். புதனும் வடக்கே சூலம்தான். சுற்றி வளைத்து இரண்டு தேசத்துக் காலண்டரும் என்னைப் பிடித்துக்கொண்டன.

பஸ்ஸாக இருந்தால் எழுந்து நின்று, "அண்ணே, வண்டி எங்க போவுது?" என்று ஒரு சத்தம் போடலாம். நான் போடக்கூடியவன். போட்டும் இருக்கிறேன். கனடாவுக்கு வருவதற்கு ரொம்ப முன்னால், கல்யாணமாகாத காலத்தில், விக்கிரமங்கலத்தில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. பெரியவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் ஆலையில் ஷிப்ட் முடித்து, முகம் கழுவி, பவுடர் போட்டு, அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தேன். வெளியே வந்த பஸ் விக்கிரமங்கலம் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் திரும்பியது. வண்டியில் ஒருவரும் கவலைப்படவில்லை. நான் மட்டும் தப்பு வண்டியில் ஏறிவிட்டேன் என்று கத்தி, ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தேன். பஸ் எதிர்ப்பக்கமாகப் போய் பங்கில் டீசல் போட்டுக்கொண்டு, திரும்பி, நான் டீ குடித்துக்கொண்டிருந்த கடையைக் கடந்து விக்கிரமங்கலம் போனது. கண்டக்டர் படிக்கட்டில் நின்றபடி என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த பஸ்ஸில் நான் போய்ச் சேர்ந்தபோது பஜ்ஜி ஆறிப்போய்ப் பெண் வீட்டாரின் முகமும் ஆறிப்போயிருந்தது. நேரத்துக்கு வராத மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்டார்கள். மறுவருடம் அந்தப் பெண் சாந்தியைக் கட்டிக்கொண்டவன் செல்வராசு. அவன் பஸ்ஸில் போகவில்லை, டி.வி.எஸ். 50-இல் போனான். இதைப் பற்றி நான் நினைப்பதே கிடையாது என்று வசந்தாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இப்போது குதிக்கவும் வழியில்லை. வடக்கே சுற்றிக்கொண்டு போனால் லண்டனில் அடுத்த விமானம் தவறும். அது தவறினால் வெள்ளிக்கிழமை தவறும். பாப்பா செல்வராசு மடியில் உட்காருவாள். எனக்கு வியர்த்தது. டக் என்னைக் கவனித்துவிட்டு, "முதல் தடவையா?" என்றார்.

"இல்லை, இரண்டாவது தடவை. ஆனால் செவ்வாய்க்கிழமையில் இதுதான் முதல் தடவை" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வடக்குச் சூலத்துக்குப் பரிகாரம் பால். காலண்டரிலேயே போட்டிருக்கும். கிளம்புவதற்கு முன்னால் சாப்பிட வேண்டும்தான். ஆனால் போய்ச் சேராதவரை பயணம் பாக்கியிருக்கிறது, ஆகையால் செல்லும் என்று அரசாங்க ஆபீஸ் மாதிரி முன்தேதியிட்டு எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன். பணிப்பெண்ணைக் கூப்பிட்டுப் பால் கேட்டேன். காப்பிக்கு ஊற்றுகிற குட்டிக் குப்பி இரண்டைக் கொடுத்தாள். காப்பி எங்கே என்று டக் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டையும் உடைத்து வாயில் ஊற்றிக்கொண்டேன். ஊற்றிய பிறகுதான் மூடியைப் படித்தேன். பால் இல்லாமல் தயாரிக்கப்பட்டது என்று போட்டிருந்தது. பாலே இல்லாத பாலை வைத்துச் சூலத்தை ஏமாற்றப் பார்த்திருக்கிறேன். விளைவு எப்படி இருக்கும்? பணிப்பெண்ணை மறுபடி கூப்பிட்டு, "மாட்டுப் பால், ஒரு டம்ளர்" என்றேன். அவள் டக்கைப் பார்த்தாள். மாடு என்றதும் டக்குக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வயிற்றுப்புண்ணா? எனக்கும் இருந்தது. பால்தான் கேட்கும்" என்று தனக்கும் ஒரு டம்ளர் வாங்கி, என் டம்ளரோடு இடித்துக் குடித்தார். செவ்வாய்க்கிழமை வடக்கே பறந்த விமானத்தில் பரிகாரம் செய்துகொண்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்.

பால் இறங்கியதும் கொஞ்சம் தைரியம் வந்தது. திரையைக் காட்டி, "இவன் ஏன் மேலே போகிறான்? லண்டன் அங்கே அல்லவா இருக்கிறது?" என்று கேட்டேன். டக் என் சாப்பாட்டுத் தட்டிலிருந்த உருண்டை பன்னை எடுத்தார். ஒரு பக்கம் மிளகுத்தூள் வைத்து, "கால்கரி" என்றார். மறுபக்கம் வெண்ணெய் வைத்து, "லண்டன்". அவருடைய கையுறையிலிருந்து தொங்கிய நூல் ஒன்றைப் பிய்த்து இரண்டுக்கும் நடுவில் இழுத்துப் பிடித்தார். நூல் பன்னின் இடுப்பு வழியாகப் போகவில்லை. மேலே ஏறி, உச்சந்தலைக்குப் பக்கத்தில் போய் இறங்கியது. இடுப்பு வழியாக இழுத்துப் பார்த்தார், நூல் போதவில்லை. அவ்வளவுதான். உருண்டையில் குறுக்கு வழி மேலேதான் இருக்கிறது. ஐந்து வருடமாகச் சுவரில் தட்டையாக ஒட்டியிருந்த பூமியை நம்பித் தயிர்சாதம் தின்ற எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. நூலை எடுத்துவிட்டுப் பூமியைத் தின்றுவிட்டேன்.

விமானம் லண்டனில் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கியது. அடுத்ததும் தவறவில்லை. சென்னையில் இறங்கிக் கோயம்பேட்டில் பஸ் ஏறும்போதுதான் வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. வியாழன் தெற்கே சூலம். சென்னையிலிருந்து பெரம்பலூர் எந்தப் பக்கம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரிகாரம் தைலம். பூமி உருண்டை என்று தெளிந்தவன் நான், இனி இதெல்லாம் கிடையாது என்று உறுதியாக உட்கார்ந்திருந்தேன். வழியில் பஸ் நின்ற ஓட்டலில் இரண்டு மெதுவடை மட்டும் தின்றேன். பசிக்காகத்தான். ஆனால் அந்த வடையிலிருந்து காகிதத்தில் இறங்கிய எண்ணெய் மூன்று வியாழக்கிழமைக்குத் தாங்கும்.

பெரம்பலூரில் மல்லிகா வீட்டு வாசலில் நான் பெட்டியோடு இறங்கியபோது, செல்வராசுவின் வண்டியில் முன்னால் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள் பாப்பா. மூன்று வயது. நான் பிறப்புக்கும் வரவில்லை, பேர் வைப்புக்கும் வரவில்லை. "மாமா வந்திருக்காங்க பாரு" என்றாள் மல்லிகா. பாப்பா செல்வராசுவின் முகத்தைப் பார்த்தாள். மாமா இங்கேதானே இருக்கிறார் என்பது போல. சாந்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "வாங்க மாமா. வழியில எங்கயும் குதிக்காம வந்தீங்களா?" என்றாள். இத்தனை வருடம் கழித்தும்.

சாயங்காலம் செல்வராசு, "எவ்ளோ தூரம்ணே அது?" என்று கேட்டான். சீர்த்தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து, டக் காட்டிய மாதிரியே கால்கரிக்கு ஒரு கிராம்பு, லண்டனுக்கு ஒரு முந்திரி என்று காட்டி விளக்கினேன். கவனமாகக் கேட்டான். "மேல போயி சுத்துனாத்தான் கிட்டங்குற. சரி. விக்கிரமங்கலம் பஸ்ஸு டீசல் போட்டுட்டுப் போன மாதிரி" என்று சொல்லிவிட்டு லட்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் செட்டிகுளத்தில் சாமி கும்பிட்டு, மலையடியில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தோம். சட்டைப் பையிலிருந்து தோட்டை எடுத்து ஆசாரியிடம் கொடுத்தேன். பாப்பாவைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். ஊசியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, என்னைப் பார்த்தே அழ ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கையையும் எதிரே நீட்டி, "மாமா, மாமா" என்று செல்வராசுவைக் கூப்பிட்டாள். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார்கள்.

செல்வராசு எழுந்து வரவில்லை. உட்கார்ந்தபடியே முன்னால் நகர்ந்து வந்து, என் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "இந்தா, இங்க பாரு. இந்த மாமன் ப்ளேன்ல வந்துருக்காரு. ஒனக்குக் காட்டுறேன்னுருக்காரு. அழுவாத" என்று அவளுக்குத் தன் விரலைக் கொடுத்தான். அவள் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் ஆசாரி இடது காதைக் குத்திவிட்டார். அடுத்த நொடி என் மடியிலிருந்து உருவிக்கொண்டு போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். திரும்ப வாங்கப் பார்த்தேன். முடியவில்லை. மல்லிகா கையைப் பிசைந்தாள்.

"பத்தரைக்கு ராகுகாலம் பொறக்குதுங்க. புள்ள எங்க இருக்கோ அங்கயே குத்திடவா?" என்றார் ஆசாரி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"குத்துங்க" என்றேன்.

பாப்பாவின் இடது காது என் மடியில் குத்தப்பட்டது. வலது காது செல்வராசுவின் மடியில்.